விபத்துக் களத்தில் யாருக்கு முதல் சிகிச்சை? கேள்வி பதில்

ஒரே நேரத்தில் பலர் காயமடைந்து கிடக்கும்போது யாரை முதலில் கவனிப்பது என்ற கேள்விகளுக்கு அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரின் பதில்கள். களத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற அட்டை கட்டப்படும்: சிவப்பு என்றால் உடனடி சிகிச்சை, மஞ்சள் என்றால் சற்றுக் காத்திருக்கலாம், பச்சை என்றால் லேசான காயம், கறுப்பு என்றால் இறந்தவர் அல்லது பிழைக்க வாய்ப்பில்லாதவர்.

செவிலியர் மாணவி: எதை வைத்து நிறத்தைத் தீர்மானிக்கிறீர்கள் சார்?

ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. கலிபோர்னியாவில் 1980களில் உருவான 'ஸ்டார்ட்' முறைதான் பரவலானது. "நடக்க முடிந்தவர்கள் இங்கே வாருங்கள்" என்று உரக்கக் கூப்பிடுவோம், வருபவர்களுக்குப் பச்சை. மற்றவர்களிடம் போய்க் குனிந்து பார்ப்போம். நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்குகிறதா, சிவப்பு. மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லையா, சிவப்பு. "என் விரலைப் பிடியுங்கள்" என்றால் பிடிக்கவில்லையா, அதுவும் சிவப்பு. மூன்றிலும் தேறியும் நடக்க முடியாதவர் மஞ்சள். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழுத்தில் கிடந்தால் கை சும்மா இருக்காது.

வாசகர் ஒருவர்: மூச்சில்லாதவருக்குக் கறுப்பு அட்டை கட்டுவது கொடுமையில்லையா?

கொடுமைதான். ஆனால் மூச்சில்லை என்றதும் கட்டிவிடுவதில்லை. தாடையை உயர்த்தி மூச்சுப்பாதையைத் திறப்போம். மூச்சு திரும்பினால் சிவப்பு, திரும்பாவிட்டால்தான் கறுப்பு. அங்கேயே உட்கார்ந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால், பக்கத்தில் ரத்தம் பெருகிக் கிடப்பவரையும் இழப்போம். சிறு குழந்தைக்கு நாடி இருந்து மூச்சில்லாவிட்டால், ஐந்து முறை ஊதிப் பார்த்த பிறகே முடிவு. மின்னல் தாக்கிய இடத்தில் கணக்கே தலைகீழ்: பேச்சு மூச்சற்றுக் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். உடனே கவனித்தால் அவர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூச்சோடு இருப்பவர் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுவார்.

தன்னார்வலர்: அலறுகிறவரைத் தாண்டிப் போக மனம் வருமா?

அலறுகிறார் என்றால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவர்தான் எனக்குக் கவலை.

ஆம்புலன்ஸ் ஊழியர்: பச்சை கட்டியவர் பிறகு சரிந்து விழுந்தால்?

விழுவார். வயிற்றுக்குள் ரத்தக் கசிவோடு நடந்து வருகிறவர்கள் உண்டு. அதனால்தான் ஏற்றும்போதும் இறக்கும்போதும் மறுபடி பார்க்கச் சொல்கிறோம். இன்னொன்று: பச்சைக்காரர்கள் கிடைத்த வண்டியில் ஏறி மருத்துவமனைக்கு முதலில் வந்துவிடுவார்கள். கட்டில்களை அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் சிவப்பு வரும்போது இடமிருக்காது. வாசலிலேயே அவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிவிடுங்கள்.

அதே ஊழியர்: உறவினர் கையைப் பிடித்து இழுத்தால்?

வாதாடாதீர்கள். கையில் ஒரு துணியைக் கொடுத்து, "இந்தக் காயத்தை அழுத்திப் பிடியுங்கள், எடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.