வாடையே வராத சிலிண்டர்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: காரைக்குடி பக்கத்து ஊர் எங்களுடையது. போன வாரம் ராத்திரி புது சிலிண்டர் மாட்டினோம். விடியற்காலையில் ஆத்தா காபி போட அடுப்பைப் பற்றவைத்ததும் தீ குப்பென்று பரவி, இரண்டு கையிலும் முகத்திலும் காயம். அடுப்படிக் கதவும் தேக்கு உத்தரமும் கருகிவிட்டன. வீட்டில் நான்கு பேர் இருந்தோம், ஒருவருக்கும் கேஸ் வாடை தெரியவில்லை. தீயணைப்பு வீரர்கள் சிலிண்டரை மூடிப் பின்கட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். ஏஜென்சியில் கேட்டால், "வாடை வராமல் இருக்காது, உங்கள் ஆத்தாவுக்கு வயசாகி மூக்கு மந்தமாகியிருக்கும். எங்கள் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்து சிலிண்டரை ஒப்படையுங்கள், இன்ஷூரன்ஸ் பார்க்கலாம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். சிலிண்டரையும் வெறுங்கையாக ஒப்படைக்காதீர்கள். உங்களுக்கு இருக்கும் பெரிய சாட்சி அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. நாம் கேஸ் வாடை என்று சொல்வது எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளின் நாற்றம். கசிவு தெரியட்டும் என்பதற்காகவே அதைக் கலக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் 1937 மார்ச்சில் ஒரு பள்ளிக்கூடம் வெடித்து, குழந்தைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் தேங்கிய இயற்கை எரிவாயுவுக்கு வாடை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் டெக்சாஸில் வாடை சேர்ப்பது சட்டமானது. நம் நாட்டில் சமையல் கேஸுக்கான ஐ.எஸ். 4576 என்ற இந்தியத் தர நிர்ணயத்திலும் வாடை ஒரு நிபந்தனை. தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு காற்றில் கலந்தபோதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது பல நாடுகளிலும் உள்ள கணக்கு. அதாவது காற்றில் சுமார் 0.4 சதவீதம் கேஸ் இருந்தாலே தெரிய வேண்டும்.

ஆகவே வாடையும் வால்வு மாதிரி, ரெகுலேட்டர் மாதிரி ஒரு பாதுகாப்புக் கருவிதான். அது வேலை செய்யவில்லை என்றால் பொருளில் குறை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-வது பிரிவின்படி, நிர்ணயித்த தரத்திலிருந்து விலகிய பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. வாடை கலப்பது ஏஜென்சியின் வேலை அல்ல என்பதால் வழக்கில் உங்கள் முதல் எதிர்த்தரப்பு எண்ணெய் நிறுவனம். ஏஜென்சியும் தப்பிவிடாது. சிலிண்டரைக் கொடுக்கும்போது கசிவும் எடையும் சோதித்துக் காட்ட வேண்டியது டெலிவரி ஆளின் கடமை. உங்கள் வீட்டில் முகப்போடு இறக்கிவிட்டுப் போனாரா, வால்வைச் சோதித்தாரா? நினைவு இருக்கும்போதே தேதியோடு எழுதி வையுங்கள். சோதிக்கவில்லை என்றால் விற்பனையாளரின் பொறுப்பைச் சொல்லும் 86-வது பிரிவு அவர்கள் மேல் பாயும்.

எதிர்த்தரப்பு என்ன வாதாடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாதம், ஆத்தாவின் மூக்கு. வயதானாலும் சளி பிடித்தாலும் நுகர்வு மங்கும், அது உண்மை. ஆனால் நான்கு பேருக்கும் ஒரே நாளில் மங்காது. மற்ற மூவரின் வாக்குமூலமும், சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் வாக்குமூலமும் இதற்குப் பதில். இரண்டாவது, கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், அதனால் வாடை மேலே எட்டவில்லை என்பார்கள். நம் பக்கத்து வீடுகளில் அடுப்படி கடைசிக் கட்டில், உயர்ந்த வாசல்படிக்கு உள்ளே பள்ளமாக இருப்பது சகஜம். இது கொஞ்சம் பலமான வாதம். அதனால்தான் சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் கேஸைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறேன். உள்பக்கம் துருப்பிடித்த சிலிண்டரில் அந்தத் துருவே மெர்காப்டனைத் தின்றுவிடும், வாடை குறைந்துபோகும். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பக் கேட்க 38-வது பிரிவு இடம் தருகிறது. சிலிண்டர் திரும்பிப்போய் மறுபடி நிரப்பப்பட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

ஆனால் கசியும் சிலிண்டரை வீட்டில் வைத்துக் காவல் காக்கச் சொல்லமாட்டேன். இன்னும் கசிகிறது என்று சந்தேகம் வந்தால் உடனே கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழையுங்கள், உயிர்தான் முக்கியம். அப்படியானாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்கான சாட்சிப் பதிவு) எழுதி, சீல் வைத்து எடுத்துப்போகச் செய்யுங்கள். எடுத்துப் போகும் முன் வரிசை எண்ணையும், மேல் வளையத்துக்குக் கீழே உள்ள தகட்டில் இருக்கும் சோதனைத் தேதியையும் போட்டோ எடுங்கள். ஏ முதல் டி வரை ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. அந்தக் காலம் கடந்திருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். ரெகுலேட்டர், கருகிய ட்யூப், பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ட்யூப் ஐந்து வருடத்துக்கு மேல் பழசு என்றால் என்னிடம் மறைக்க வேண்டாம், அவர்கள் கண்டிப்பாக அதைத் தூக்கிக் காட்டுவார்கள்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்சி காட்டும் சலுகை அல்ல. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுக்கு நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதும் இல்லை. அரசு சொல்லியிருக்கும் அளவு: மருத்துவச் செலவு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த வீட்டின் சேதத்துக்கு 2 லட்சம் வரை, மரணம் என்றால் 6 லட்சம். விபத்தை எழுத்தில் ஏஜென்சிக்குத் தெரிவித்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை பெறுங்கள். தீயணைப்பு நிலைய அறிக்கையும் ஆஸ்பத்திரிப் பில்லும் தேவைப்படும். அதற்கு "எங்கள் கவனக்குறைவு" என்ற வரி எதற்கு? அது நாளை உங்கள் வழக்கையே முடித்துவிடும்.

காப்பீட்டுத் தொகை போதவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நீங்கள் பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. சிலிண்டர் விலைக்குக் கட்டணமே கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம், ஆனால் அவ்வளவு காத்திருக்காதீர்கள். ஆத்தாவின் காயங்களை வாரம் ஒருமுறை போட்டோ எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் தீக்காயத்தின் ஆழத்தை எழுதி வாங்குங்கள்.

நாளைக் காலையில் முதல் வேலையாகக் காவல் நிலையம் போங்கள், அப்புறம் ஏஜென்சி.