பழைய பழத்தோட்ட டிராக்டரில் எது ஒரிஜினல், எது பிறகு மாட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் ஏன் வேறுபடுகின்றன?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வண்டி தொழிற்சாலையிலிருந்தே பழத்தோட்ட மாடலாக வந்ததா, இல்லை சாதாரண வண்டிக்கு யாரோ, கிளை மாட்டாமல் சக்கரத்தை மூடும் பெரிய மட்கார்டு மாட்டியிருக்கிறார்களா என்பது முதலாவது. தோட்ட வண்டிதான் என்றால், அதில் இருக்கும் பாகங்கள் அந்த ஆண்டுக்கு உரியவையா என்பது இரண்டாவது. முதலாவது தீராமல் இரண்டாவதில் இறங்கினால் பணமும் நேரமும் வீண்.

பெரும்பாலானவர்கள் முதலில் மட்கார்டைத்தான் பார்க்கிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. தகரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதும் சுலபம். கிரீஸ் அடிக்கவும் டயர் கழற்றவும் இடைஞ்சல் என்று மட்கார்டைக் கழற்றி ஓரமாகப் போட்ட விவசாயிகள் ஏராளம். அதனால் அசல் தோட்ட வண்டி மொட்டையாக நிற்கும். போலி முழு உடுப்போடு நிற்கும். வரிசை எண் தகடு, வார்ப்பு எண்கள் (இரும்பை உருக்கி வார்க்கும்போதே பாகத்தில் பதியும் எண்கள்), துளைகள், இந்த மூன்றையும்தான் முதலில் நம்ப வேண்டும்.

தகட்டிலிருந்து தொடங்குங்கள். எண்ணைப் படிப்பதற்கு முன் அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத் தகடுகள் சுத்தியலால் அடித்து இறக்கும் சிறு ரிவெட்டுகளால் பொருத்தப்பட்டவை. தலை உருண்டையாக, நடுவில் துளையில்லாமல் இருக்கும். நடுவில் துளையுள்ள பாப் ரிவெட் இருந்தால் தகடு ஒரு முறையாவது கழன்றிருக்கிறது. கழன்ற தகடெல்லாம் மோசடி இல்லை, பெயின்ட் அடிக்கக் கழற்றியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு தகட்டை மட்டும் சாட்சியாக வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஜான் டீர் நிறுவன வண்டிகளில் எண் மட்டும் போதாது, மாடல் எழுத்தும் வேண்டும். ஏஆர் என்ற சாதாரண அகலச் சக்கர வண்டியும் ஏஓ என்ற தோட்ட வண்டியும் 250000-இல் தொடங்கும் ஒரே வரிசையில் எண் பெற்றவை. பிஆர், பிஓ இரண்டுக்கும் வரிசை 325000-இல் தொடங்கும். உடல் ஒடுங்கி, வளைந்த தகரத்தோடு 1940 வரை வந்த ஏஓஎஸ் மட்டும் தனி வரிசை, அது 1000-இலிருந்து போகும். எண் மங்கி எழுத்து அழிந்திருந்தால் தகடு ஏஆரா ஏஓவா என்று சொல்லாது; வண்டிதான் சொல்ல வேண்டும். பிஓவில் இன்னொரு சிக்கல் உண்டு. வாஷிங்டன் மாநிலம் யாக்கிமாவில் இருந்த லிண்டமன் நிறுவனம் பிஓ உடல்களை வாங்கிச் சங்கிலிச் சக்கரம் பொருத்தியது. தகட்டில் பிஓ என்று இருப்பதால் மட்டும் வண்டி டயரில்தான் வெளியே போனது என்று ஆகிவிடாது.

கேஸ் (Case) நிறுவன வண்டிகளில் 1939 முதல் 1950-களின் தொடக்கம் வரை கணக்கு எளிது: எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களிலிருந்து 4-ஐக் கழித்தால் ஆண்டு. 47 என்று தொடங்கினால் 1943, 52 என்றால் 1948. விஏஓ என்ற கேஸ் தோட்ட வண்டியை 1950 மாடல் என்று விற்பவர் தகட்டில் 49 இருந்தால் அது 1945. ஃபெர்கசன் நிறுவனத்தின் டிஇ20 குடும்பத்தில் வகையைச் சொல்வது மூன்றாவது எழுத்து: டிஇபி, டிஇசி, டிஇஇ, டிஇஜே ஆகியவை ஒடுங்கிய வண்டிகள், டிஇகே, டிஇஎல், டிஇஎம் ஆகியவை இன்னும் சிறிய திராட்சைத்தோட்ட வண்டிகள். டிஇஏ (சாதாரண அகல வண்டி) என்று தகடு இருக்கும் ஒடுங்கிய வண்டி என்றால், பின் ஆக்ஸில் குழல்கள் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கும், அல்லது தகடு வந்திருக்கும்.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவன வண்டிகளில் பலர் தடுமாறும் இடம் இன்ஜின் எண். டபிள்யூ-4, ஓ-4 போன்ற வண்டிகளில் இன்ஜின் எண்ணும் வண்டி எண்ணும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனி வரிசையில் ஓடியவை. பொருந்தவில்லை என்பதற்காக இன்ஜின் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. இடைவெளி ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது வார்ப்பு. இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பிளாக், கியர்பாக்ஸ் உறை, பின் ஆக்ஸில் உறை, மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றும் வெளியே புகையும் போகும் குழாய் வார்ப்பு) எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷாலும் மண்ணெண்ணெயாலும் சுத்தம் செய்து, மேலெழுந்து நிற்கும் எண்களைச் சாய்வான டார்ச் வெளிச்சத்தில் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் பாதி எண் தெரியாது. இரண்டு விதமான எண்கள் கிடைக்கும்: ஒன்று வார்ப்பு எண், மற்றது வார்த்த தேதி. வார்ப்பு எண்ணைப் பாக எண் என்று நினைத்துப் பார்ட்ஸ் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஜான் டீரில் கடைசியில் ஆர் எழுத்து உள்ளது கடையாத வார்ப்பின் எண். ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்து இரண்டு பாக எண்களில் விற்றதும் உண்டு. இன்டர்நேஷனல் தேதிக் குறிப்பில் மாதம், நாள், பிறகு ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து வரும்.

தேதியை வைத்து முடிவெடுக்கும் விதி இது: வார்ப்புத் தேதி வண்டி கூட்டிய தேதிக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முந்தி இருக்க வேண்டும். பிந்தி இருந்தால் அந்தப் பாகம் பிறகு வந்தது, விவாதமே இல்லை. மிகவும் முந்தி இருந்தால் பழைய வண்டியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். குறைவாகச் செய்த பாகமாக இருந்தால் தொழிற்சாலை அலமாரியிலேயே கிடந்ததாகவும் இருக்கலாம். தோட்ட வண்டிக்கென்றே செய்த பாகங்கள் குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்பட்டவை என்பதால், அவற்றில் இந்த இடைவெளி நீளமாக இருந்தால் பதற வேண்டாம்.

இனி தோட்ட வண்டிக்கே உரிய அடையாளங்கள். கிளையில் எதுவும் மாட்டக் கூடாது என்பதுதான் முழு வடிவமைப்பின் காரணம். ஆகவே புகைக்குழாய், காற்றுக் குழாய், ஸ்டீயரிங், இருக்கை எல்லாம் தாழ்ந்திருக்கும். பெட்ரோல் மூடியும் ரேடியேட்டர் மூடியும் மறைவாக இருக்கும். பானெட்டைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மேல்நோக்கிய சைலன்சருக்கும் ஏர் கிளீனர் குழாய்க்கும் உரிய துளைகள் அசல் தோட்ட பானெட்டில் கிடையாது. வட்டமாகத் தகரம் வைத்து ஒட்டிய தடம் உள்பக்கத்தில் தெரிந்தால் அது சாதாரண பானெட். வெளியே புட்டி போட்டு வழுவழுப்பாக்கி விடுவார்கள், உள்ளே யாரும் மெனக்கெடுவதில்லை. அப்படியே மேனிஃபோல்டையும் பாருங்கள். புகை வாய் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ வார்ப்பிலேயே திரும்பியிருக்க வேண்டும். மேல்நோக்கிய வாயில் முழங்கைக் குழாய் திருகிக் கீழே இறக்கியிருந்தால் பிறகு செய்தது. ஆனால் மேனிஃபோல்டு வெடிக்கும் பாகம். அசல் தோட்ட வண்டியிலும் வெடித்த பிறகு கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். ஆகவே இது தனியாகச் சாட்சி சொல்லாது, பானெட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரேக்தான் என் கணக்கில் மிக நம்பகமான சாட்சி. மரத்தைச் சுற்றித் திரும்ப ஏஓ, பிஓ வண்டிகளுக்கு இடது வலது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடிக்கும் பிரேக் இருந்தது. ஏஆரை ஏஓவாக வேஷம் போடுபவர்கள் தகரத்துக்குச் செலவழிப்பார்கள்; பிரேக் உறைகளையும் தண்டுகளையும் தேடி மாட்டுபவர்கள் குறைவு.

தகரம் கையால் செய்ததா என்று அறிய விளிம்பைத் தடவுங்கள். தொழிற்சாலைத் தகரத்தில் விளிம்பு சீராக மடிந்திருக்கும், இணைப்புகளில் வட்டப் புள்ளிகளாக ஸ்பாட் வெல்டிங் தடம் இருக்கும். நீளமான மணிக்கோர்வை மாதிரி வெல்டிங் ஓடியிருந்தால் பழுது பார்த்தது அல்லது புதிதாகச் செய்தது. மட்கார்டு தாங்கிகளின் துளைகள் வட்டமாக, கடைந்த ஓரத்தோடு இருக்க வேண்டும். கேஸ் கட்டிங்கால் ஊதிய துளை ஒழுங்கற்றும் கசடோடும் இருக்கும்.

பெயின்ட் ஒரு நல்ல நாட்காட்டி. இருக்கைத் தாங்கிக்கு அடியில், ரேடியேட்டர் கீழ்த்தொட்டிக்குப் பின்னால் போன்ற மறைவான இடத்தில் இரண்டு அங்குல வட்டத்தை 320 எமரித் தாளாலும் பிறகு 600 எமரித் தாளாலும் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். கேஸ் 1939-இல்தான் சிவப்புக்கு மாறியது, அதற்கு முன் சாம்பல். இன்டர்நேஷனல் சாம்பலை 1936 கடைசியில் விட்டது. 1934-இல் வந்த ஓ-12 வண்டியில் அடியில் சாம்பல் இல்லாமல் சிவப்பு மட்டுமே இருந்தால், அது பிந்திய வண்டி, அல்லது இரும்பு வரை சுரண்டியிருக்கிறார்கள். மட்கார்டு தாங்கியைக் கழற்றி அது உட்கார்ந்த இடத்தையும் பாருங்கள். கூட்டி முடித்த பிறகு பெயின்ட் அடித்த வண்டியில் அந்த இடம் வெறும் இரும்பாகவோ பிரைமராகவோ இருக்கும். அங்கே முழு நிறம் இருந்தால் தாங்கி பிறகு வந்தது.

ஒரே மாடலில் வேறுபாடு ஏன் என்ற கேள்விக்கு வருவோம். மாற்றங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் வருவதில்லை; குறிப்பிட்ட வரிசை எண்ணிலிருந்து வரும். ஜான் டீர் ஏ வகை இன்ஜினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 6½ அங்குலத்திலிருந்து 6¾ ஆகி, கொள்ளளவு 309 கன அங்குலத்திலிருந்து 321 ஆனது. பிந்தைய ஏஆர், ஏஓ வண்டிகள் 1949-இல் புதிய தகர வடிவமும் ஆறு கியரும் பெற்றன. அதற்கு முன் நான்குதான். பழைய தகரத்தோடு ஆறு கியர் இருந்தால் இரண்டு வண்டிகளின் கலவை. இன்டர்நேஷனலில் ஓ-4 முழு உறை போட்டது, ஓஎஸ்-4 தாழ்ந்த அமைப்பு மட்டும் கொண்டது. ஓஎஸ்-4-ஐப் பார்த்து ‘மட்கார்டு தொலைந்த ஓ-4’ என்று தகரம் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டபிள்யூ-12, ஓ-12, ஃபேர்வே-12 மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் பாகங்கள் தாராளமாக இடம் மாறியிருக்கும். ஜான் டீர் 620 ஆர்ச்சர்ட் (பழத்தோட்ட வகை) 1960 வரை வந்தது. 630-இல் ஆர்ச்சர்ட் வகை வரவில்லை. அதனால் 620 ஆர்ச்சர்டில் 1959 வார்ப்புத் தேதி பார்த்தால் குற்றம் இல்லை.

பார்ட்ஸ் புத்தகத்தில் ஒரு பொறி உண்டு. பிந்தைய பதிப்புகளில் பழைய பாகத்தை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகக் கொடுக்கும் புதிய பாகத்தின் எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். அதை நம்பி வண்டியில் இருக்கும் சரியான பாகத்தைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. உங்கள் வண்டி எண்ணுக்கு நெருக்கமான ஆண்டில் அச்சான பதிப்பைத் தேடுங்கள், படத்தை அல்ல, ‘இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை’ என்ற வரியைப் படியுங்கள். படங்கள் பல பதிப்புகளுக்கு மாறாமலே வரும்.

இரண்டாம் உலகப்போர்க் கால வண்டிகளுக்குத் தனி அளவுகோல். ரப்பர் தட்டுப்பாட்டால் இரும்புச் சக்கரத்தோடும், ஸ்டார்ட்டரும் விளக்கும் இல்லாமல், பேட்டரி இன்றியே தீப்பொறி தரும் மேக்னெட்டோவோடும் போனவை பல. ஸ்டார்ட்டர் வாயை மூடிய தகடு அழுக்கும் பழைய பெயின்ட்டும் சேர்ந்து இறுகியிருந்தால் அங்கே எப்போதும் ஸ்டார்ட்டர் இருந்ததில்லை. எதையும் ‘திரும்ப’ மாட்ட வேண்டாம்.

மின்பாகங்களும் கார்புரேட்டரும் அதிகம் மாறுபவை. ஜான் டீரின் மார்வெல் ஷெப்லர் கார்புரேட்டரில் டிஎல்டிஎக்ஸ் என்று தொடங்கும் எண் இருக்கும். மேல் உடலும் கீழ்க் கிண்ணமும் வேறு கார்புரேட்டர்களிலிருந்து சேர்ந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே சரிபாருங்கள். டெல்கோ-ரெமி டைனமோவிலும் ஸ்டார்ட்டரிலும் தகட்டில் தேதி இருக்கும்: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த எழுத்து மாதம், பிறகு நாள். 9சி18 என்றால் மார்ச் 18. ஆண்டு 1939, 1949, 1959 எதுவாகவும் இருக்கலாம், பாக எண்தான் பத்தாண்டைச் சொல்லும். மாத எழுத்தில் ஐ விடுபடும், அதனால் ஜே என்பது செப்டம்பர்.

போல்ட் தலைகளைக் கடைசியாகப் பாருங்கள். மூன்று கோடு இருந்தால் வலிமைத் தரம் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. அமெரிக்க வண்டியில் 8.8 என்று எழுதிய மெட்ரிக் போல்ட் எங்கே தெரிகிறதோ அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துப் பாகத்தின் வார்ப்பு எண்ணை இன்னொரு முறை படியுங்கள்.