இபாரெச்சே பற்றிப் பேச வேண்டுமா? 75 இடக் கணக்கில் தொடங்குங்கள்

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். ஐரோப்பிய மாநிலக் கட்சிகள் பற்றிய தாளுக்கு, ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியை ஆண்ட யுவான் ஹோசே இபாரெச்சேவை எடுத்துக்கொண்டு கருத்தரங்கில் இருபது நிமிடம் பேச வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம். ஸ்பெயினோடு பாஸ்க் பகுதியின் உறவை மாற்ற அவர் வைத்த திட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது என்று ஒரு இடத்தில் இருக்கிறது, தோற்றது என்று இன்னொரு இடத்தில். 2009 தேர்தலில் அவர் கட்சிதான் முதலிடம், ஆனால் பதவி போய்விட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிறைவேறியது, தோற்றது இரண்டுமே சரிதான், நடந்த மன்றங்கள்தான் வேறு. பாஸ்க் நாடாளுமன்றம் இருப்பது விட்டோரியாவில், ஸ்பெயின் நாடாளுமன்றம் மாட்ரிட்டில். படிக்கும் ஒவ்வொரு வரியிலும் எந்த மன்றம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு 75 என்ற எண் போதும். பாஸ்க் நாடாளுமன்றத்தில் 75 இடங்கள், பெரும்பான்மைக்கு 38. பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆலவா என்ற மூன்று மாகாணங்களுக்கும் தலா 25. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் பிஸ்காயாவில் இருந்தாலும் அதற்கும் 25தான், ஆள் எண்ணிக்கையில் ஆகச் சிறிய ஆலவாவுக்கும் 25தான். இந்த ஏற்பாட்டில் தனிப் பெரும்பான்மை யாருக்கும் லேசில் கிடைக்காது. இபாரெச்சே பத்து வருடம் ஆட்சி செய்தது முழுக்க, வாக்குக்காக யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டேதான். அவரை விடுதலை வீரராகவோ பிரிவினைவாதியாகவோ வரைந்துகொண்டு போனால் இந்த விஷயம் கையில் சிக்காது.

ஆள் அடிப்படையில் பட்ஜெட்காரர். 1957-இல் ஆலவா மாகாணத்து லௌதியோவில் பிறந்தார், பில்பாவோவுக்குப் பக்கத்தில் இருக்கிற தொழிற்சாலை ஊர் அது. பொருளாதாரம் படித்தார், 1983 முதல் 1987 வரை சொந்த ஊருக்கு மேயர், பாஸ்க் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார், 1995 முதல் பாஸ்க் அரசின் துணைத் தலைவர் பதவியோடு நிதித்துறை. 1999 ஜனவரியில் பாஸ்க் மரபுரிமையின் அடையாளமான கெர்னிகா ஊர் ஓக் மரத்தடியில் லெஹெண்டகாரியாக, அதாவது பாஸ்க் அரசின் தலைவராக, உறுதிமொழி எடுத்தார். இளமைக் காலத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஆனால் நிதித்துறையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக் கூட்டு வரி எல்லாவற்றையும் அங்கே மாகாண அரசுகளே வசூலிக்கின்றன. ராணுவம், வெளியுறவு என்று மாட்ரிட் தன் கையில் வைத்திருக்கும் வேலைகளுக்கு, அவற்றின் செலவில் 6.24 சதவீதம் என்ற அடிப்படையில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்துக் கட்டுகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கான 1981 ஒப்பந்தம் முடிந்து 2002-இல் அது காலவரையறை இல்லாத சட்டமானது. அப்போது பாஸ்க் அரசுக்குத் தலைவர் இபாரெச்சே, மாட்ரிட்டில் பிரதமர் அஸ்நார். மேடையில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம், பண விஷயத்தில் மட்டும் கையெழுத்து விழுந்தது. இதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள், நீங்கள் சொன்னால் தனியாகத் தெரியும்.

இனி அந்தத் திட்டம். 2002 செப்டம்பரில் அறிவித்தார். ஸ்பெயினோடு 'சுதந்திரமான இணைவு' என்ற உறவு, பாஸ்க் தேசியத்துக்கு அங்கீகாரம், தனி நீதித்துறை அமைப்பு, கடைசியில் மக்களிடம் ஒப்புதல் கேட்பது. அனுமதியில்லாமல் வாக்கெடுப்பு நடத்தினால் சிறை என்று 2003 கடைசியில் அஸ்நார் அரசு தண்டனைச் சட்டத்தையே திருத்தியது (அடுத்து வந்த அரசு 2005-இல் அதை எடுத்துவிட்டது). 2004 டிசம்பர் 30 அன்று விட்டோரியாவில் வாக்கெடுப்பு: ஆதரவு 39, எதிர்ப்பு 35.

உங்கள் பேச்சுக்கு உயிர் இந்த 39தான், இதைப் பிரித்துக் காட்டுங்கள். இபாரெச்சேயின் பாஸ்க் தேசியவாதக் கட்சிக்கும் அதன் கூட்டாளிக்கும் 33, ஐக்கிய இடதுசாரிகளுக்கு 3. ஆக 36. எதிரே அஸ்நாரின் மக்கள் கட்சி அணிக்கு 19, சோஷலிஸ்டுகளுக்கு 13, மொத்தம் 32. நடுவில் இருந்தது, எட்டாவோடு தொடர்புள்ளது என்று தடைசெய்யப்பட்ட பட்டாசுனா கட்சியின் உறுப்பினர்கள் ஏழு பேர். (எட்டா என்பது பாஸ்க் விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய இயக்கம்.) அதில் ஒருவர், எட்டாவின் பழைய தலைவர் ஹோசு டெர்னேரா, 2002-லேயே தலைமறைவு. மிச்சம் ஆறு பேரும் மூன்று மூன்றாகப் பிரிந்து வாக்களித்தார்கள். மூன்று பேர் ஆதரித்ததால் 39, மூன்று பேர் எதிர்த்ததால் 35. திட்டத்தைப் பிழைக்கவும் வைத்து, அது தங்கள் திட்டமில்லை என்றும் காட்டிவிட்டார்கள். அவர்கள் தயவில் ஜெயித்தார் என்ற பேச்சு இபாரெச்சேவை விடாமல் துரத்தியது இதனால்தான்.

2005 பிப்ரவரி 1 அன்று அவரே மாட்ரிட் போய் அவையில் நின்று வாதாடினார். 350 பேர் அவையில் எதிர்ப்பு 313, ஆதரவு 29, இரண்டு பேர் நடுநிலை. ஆளுங்கட்சி சோஷலிஸ்டுகளும் எதிர்க்கட்சி மக்கள் கட்சியும் ஒரே பக்கம். தோற்பது தெரிந்தே போனார், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்றுதான் போனார் என்பது என் கணிப்பு, ஏனென்றால் அடுத்து வரவிருந்தது தேர்தல். கணக்குப் பலிக்கவில்லை. ஏப்ரலில் அவர் அணி 33-லிருந்து 29-க்கு இறங்கியது.

அப்புறமும் விடவில்லை. எட்டாவுடன் பேச்சு, எல்லாக் கட்சிகளும் கூடிப் பேசுவது ஆகியவற்றைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கலாமா என்று 2008 ஜூனில் ஒரு சட்டம். அதுவும் 34-க்கு 33 என்று ஒற்றை வாக்கில் நிறைவேறியது. அக்டோபர் 25 என்று தேதியும் குறித்தார்கள். செப்டம்பரில் ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகச் செல்லாது என்றது, வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

2009 விஷயத்தில் இரண்டு சங்கதி சேர்ந்துகொண்டது. எட்டாவுடன் தொடர்பு என்று சொல்லி இடது தேசியவாதிகளின் பட்டியல்களை நீதிமன்றங்கள் தடுத்ததால், அவர்களுடைய ஆதரவாளர்கள் ஒரு லட்சத்தை ஒட்டிச் செல்லாத வாக்குகளாகவே போட்டார்கள், அவைக்குள் அந்தத் தரப்புக்கு ஒரு நாற்காலியும் இல்லை. பாஸ்க் தேசியவாதக் கட்சிக்கு 30, சோஷலிஸ்டுகளுக்கு 25, மக்கள் கட்சிக்கு 13. ஸ்பெயின் முழுக்க அடித்துக்கொள்ளும் அந்த இரண்டு கட்சிகளும் இங்கே கைகோத்தன, இன்னொரு சிறு கட்சியின் ஒற்றை வாக்கும் சேர்ந்து 39. பாட்சி லோபெஸ் லெஹெண்டகாரி ஆனார். முதலிடம் பிடித்தவருக்குத்தான் பதவி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, அவையில் யாருக்குக் கூடுதல் வாக்கோ அவருக்கு. 2004-லும் 39, 2009-லும் 39. பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

கவனிக்க வேண்டியவை சில. பாஸ்க் தேசியவாதக் கட்சியில் கட்சித் தலைவரும் அரசுத் தலைவரும் வேறு வேறு ஆட்கள், முதலில் அர்சாயுஸ், பிறகு ஹோசு யோன் இமாஸ். இமாஸுக்கு இந்த வாக்கெடுப்பு வேகத்தில் ஈடுபாடு இல்லை, 2007-இல் விலகிக்கொண்டார், இப்போது ரெப்சோல் எண்ணெய் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர் அவர்தான். கட்சி சொன்னது, இபாரெச்சே சொன்னது இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அதேபோல் நவார்ரா தனித் தன்னாட்சிப் பகுதி. பாஸ்க் தேசியவாதிகள் அதைத் தங்கள் மண் என்பார்கள், ஆனால் இபாரெச்சேயின் ஆட்சி அங்கே ஓடவில்லை.

கஷ்டமான கேள்வி ஒன்று கட்டாயம் வரும், எட்டா வன்முறையில் அவர் நிலை என்ன என்று. முதல் முறை பதவிக்கு வந்தது எட்டாவின் போர்நிறுத்தக் காலத்தில், அதற்கு நெருக்கமான இடதுசாரி அணியின் வாக்குகளையும் சேர்த்துத்தான். போர்நிறுத்தம் முறிந்து, 2000 பிப்ரவரியில் சோஷலிஸ்ட் தலைவர் ஃபெர்னாண்டோ புவேசாவும் அவருடைய மெய்க்காவலரும் விட்டோரியாவில் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் அந்த அணியோடு இருந்த நாடாளுமன்ற உடன்பாட்டை முறித்தார். சில நாளில் நடந்த கண்டனப் பேரணி இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் புவேசாவுக்காக அழுதவர்கள், இன்னொரு பக்கம் லெஹெண்டகாரிக்கு ஆதரவுக் குரல் எழுப்பியவர்கள். கொலையை அவர் கண்டித்தார், அதில் ஐயமில்லை. ஆனால் துக்க ஊர்வலம் தன் ஆதரவுக் கூட்டமாக மாறியதைத் தடுத்திருக்க வேண்டியவர் அவர்தான் என்று நினைக்கிறேன், புவேசாவின் கட்சிக்காரர்களுக்கு அந்தக் கசப்பு நீண்ட நாள் இருந்தது. இதை மறைக்காமல் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள், கேட்கிற வரை காத்திருந்தால் சமாளிப்பதாகத் தெரியும்.

2009-க்குப் பிறகு அரசியலை விட்டு விலகி, பாஸ்க் நாட்டு வளர்ச்சி அனுபவம் பற்றி ஆய்வு செய்து 2010-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்கு ஒரு நிமிடம் போதும். மிச்ச நேரத்தை 2004 வாக்கெடுப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள்.