அவிழ்க்கும்போது துள்ளும் வலத்தன்

கேள்வி: பெங்களூரு அருகே ஆனேக்கல் பக்கம் ராகி விவசாயம். ஹள்ளிகார் இன மாட்டு ஜோடி, டயர் வண்டி. கழுத்தை நுகத்தடியோடு கட்டும் பூட்டாங்கயிற்றை அவிழ்த்ததும் வலத்தன் (வலப்பக்க மாடு) துள்ளி ஓடுகிறது. போன வாரம் நுகத்தடி கொம்பில் மாட்டிக்கொண்டது. கடைக்காரர் தடித்த நைலான் மூக்கணாங்கயிறு போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். நைலான் மூக்குத் துளையை அறுக்கும். பருத்திக் கயிறே இருக்கட்டும். கடைக்காரருக்குக் கயிறு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஏர்க்காலுக்கு, அதாவது வண்டியிலிருந்து நுகத்தடிவரை நீளும் கட்டைக்கு, முட்டுக் கொடுத்த பிறகுதான் கயிற்றில் கை வைக்க வேண்டும். வண்டியில் பின்பாரம் (பின்பக்க எடை) கூடியிருந்தால் நுகத்தடி மேலே எழும்பிக் கயிறு தொண்டையை இறுக்கும்; முன்பாரம் என்றால் அவிழ்த்த கணமே ஏர்க்கால் குளம்பில் விழும். துள்ளுகிற மாட்டை முதலில் அவிழ்த்துவிடுங்கள். சாதுவானதை முதலில் விட்டால், துள்ளுவது வண்டியையே திருப்பிவிடும். ஒருவர் நுகத்தடியைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் மாட்டைத் தலை தாழ்த்தி வெளிப்பக்கமாக நடத்த வேண்டும். பூட்டாங்கயிற்று முடிச்சு ஒரு இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன்: அது ஏன் துள்ளுகிறது? திமிலுக்கு முன்னால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உதறினால், சூடாக இருந்தால், முடி உதிர்ந்திருந்தால் கழுத்து வீங்கத் தொடங்கிவிட்டது. வலிக்கிற இடத்திலிருந்து பாரம் இறங்கியதும் ஓடாமல் என்ன செய்யும்? முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஈரத்துணியை 15, 20 நிமிடம், தினம் மூன்று வேளை வையுங்கள். வீக்கம் முழுதாக வடியும்வரை பூட்டக் கூடாது. நீர் கோத்திருந்தால் ஊசியால் குத்தாமல் பெங்களூரு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். கழிவு ஆயில் தடவுவது வைத்தியமே அல்ல. தோலை எரித்து அழுக்கை உள்ளே பூட்டிவைக்கும் வேலை.

உங்கள் நுகத்தடி இரும்புக் குழாயா? இலேசு, உளுக்காது என்று பட்டறைக்காரர்கள் தலையில் கட்டுவது அதைத்தான். ஒல்லிக் குழாயில் மொத்தப் பாரமும் இரண்டு விரல் அகலத்தில் இறங்கும். வெயிலில் சுடவும் செய்யும். அதன்மேல் டயர்த் துண்டு கட்டுவது இன்னும் மோசம்: வியர்வையை உறிஞ்சாது, விளிம்பு அறுக்கும். சாக்கு சுற்றினால் மடிப்பு மடிப்பாக இறுகும். கழுத்தில் படும் இடம் உள்ளங்கை அகலத்துக்கு, விளிம்பு மழுங்க இழைத்த மரமாக இருக்க வேண்டும். இதற்குச் செலவழிக்கத் தயங்குபவர் மாடே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜோடி ஒரே உயரமா என்று எழுதவில்லை. நுகத்தடி சாய்ந்தால் பாரம் இரண்டு கழுத்திலும் சமமாக இறங்காது. வலத்தனை அளந்து பாருங்கள்.