பாதிக் குழாய்க்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் வீடு 1930களில் கட்டியது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் தண்ணீர்க் குழாய் காரீயக் குழாய் என்று குடிநீர் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் எல்லைக்குள் இருப்பதை நாங்கள்தான் மாற்ற வேண்டுமாம். பிளம்பர் சொல்லும் தொகை எங்கள் மூன்று மாத வருமானம். ஐந்து மாதச் செலவுக்கு ஆகும் சேமிப்பு கையில் இருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தை வேறு. கிரெடிட் கார்டில் போடலாமா, சேமிப்பை எடுக்கலாமா?

பதில்: கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் 100 வாங்கி மூன்று ஆண்டு மாதத் தவணை கட்டினால், வட்டி மட்டும் 41 போய்விடும். அதே 100 ஆறு சதவீதத்தில் கிடைத்தால் வட்டி பத்தைத் தொடாது. அந்த ஆறு சதவீதக் கடனைத் தேட உங்களுக்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை வாங்கித் தருவது தண்ணீர் வடிகட்டி, அதாவது பில்டர்.

ஆகவே முதல் செலவு அதுதான். குழாயிலிருந்து தண்ணீரில் கலக்கும் ஈயத்தை (காரீயத்தைத்தான் சொல்கிறேன்) நீக்கும் என்று சான்று பெற்ற பில்டராகப் பார்த்து வாங்குங்கள். நாற்றத்தையும் குளோரினையும் மட்டும் எடுக்கும் பில்டர் உதவாது. காய்ச்சினால் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பால் கலக்கவும் சமைக்கவும் குளிர்ந்த நீர்க் குழாயையே திறங்கள், சுடுநீர்க் குழாய் வேண்டாம்.

சரி, இப்போது கடிதம் அனுப்பியவர்களையே கூப்பிடுங்கள். தெருப்பக்கக் குழாயும் காரீயமா? அதை எப்போது மாற்றுவீர்கள்? எங்கள் பக்கத்துக்கு மானியமோ தவணையோ உண்டா? ஊருக்கு ஊர் பதில் மாறும். அமெரிக்காவின் நெவார்க் நகரம் சுமார் 23,000 குழாய்களை மூன்றாண்டுக்குள் வீட்டுக்காரர்களிடம் காசு வாங்காமலே மாற்றிக் கொடுத்தது. டொராண்டோவில், உங்கள் பக்கத்தை நீங்கள் மாற்றினால் தன் பக்கத்தை மாநகராட்சி செலவில்லாமல் மாற்றித் தரும் திட்டம் உண்டு. மான்ட்ரியலில் மாநகராட்சியே வேலையை முடித்துவிட்டு, தொகையை 15 ஆண்டுகளில் கட்ட விடுகிறது. அயர்லாந்தில் மானியம் இருக்கிறது, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும்.

தெருப்பக்கத்தை மாற்றும் தேதியைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், வெட்டும்போது பழைய குழாயின் உள்படிவு அதிர்ந்து உதிரும். புதுச் செம்பும் பழைய காரீயமும் சேரும் இடத்தில் அரிப்பும் வரலாம். தண்ணீரில் ஈயம் சில வாரங்கள், சமயத்தில் சில மாதங்கள்கூட, முன்பைவிடக் கூடிவிடும். காசு கொடுத்து நிலைமையைக் கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் நடக்கட்டும்.

பிளம்பரின் எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இதில் குழாயின் விலை சிறிது. தோண்டுவதும் மூடுவதும் தரையைப் பழையபடி ஆக்குவதும்தான் பெரிய தொகை. இரண்டு முனையிலும் மட்டும் குழி வெட்டி, நடுவில் மண்ணுக்கடியில் புதுக் குழாயை இழுத்துவிடும் முறை உங்கள் இடத்தில் நடக்குமா என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் அதே கடிதம் வந்திருக்கும். நான்கு வீடு சேர்ந்து பேசினால் பேரம் வேறு மாதிரி போகும். கையெழுத்துப் போடுமுன் மீட்டருக்குப் பக்கத்தில் குழாயை ஒரு நாணயத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்துக்கு அடியில் வெள்ளிபோல் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிட்டால் காரீயம்தான்.

எந்த உதவியும் கிடைக்கவில்லையென்றால், சேமிப்பில் மூன்று மாதச் செலவைத் தொடாமல் வைத்துவிட்டு மேலே இருப்பதை எடுங்கள். மீதிக்கு வீட்டுக் கடனோடு கூடுதல் கடன் கேட்டுப் பாருங்கள். பொதுவாக வட்டி குறைவு. ஆனால் தவணையை இருபது ஆண்டுக்கு இழுத்துவிடாதீர்கள். காப்பீட்டை நம்ப வேண்டாம், வீட்டுக் காப்பீடுகள் பெரும்பாலும் திடீர்ச் சேதத்துக்குத்தான், பழைய குழாய்க்கு இல்லை. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது லாபக் கணக்கில் இந்தச் செலவைக் காட்ட பல நாடுகளில் இடமுண்டு.

அப்புறம், குழாய் மாறிய அன்றே பில்டரைக் கழற்றிவிடாதீர்கள். குழாய் முனையின் சல்லடையைக் கழுவி, தண்ணீரை நன்றாக ஓடவிட்ட பிறகும் ஆறு மாதம் அது இருக்கட்டும். அதற்குள் அவ்வப்போது மாற்றிப் போடும் கார்ட்ரிட்ஜின் செலவையும் எஸ்டிமேட்டோடு இப்போதே சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.