நீதிமன்ற நேரலையில் குழந்தையின் பெயரை மட்டும் மறைத்தால் போதுமா?

நிச்சயமாகப் போதாது. பெயரைச் சொல்லாமலே பள்ளி, வகுப்பு, அப்பாவின் வேலை என்று வழக்கறிஞர் வாதத்தின் போக்கில் அடுக்கிக்கொண்டே போவார். தெரிந்தவர்களுக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று உடனே புரிந்துவிடும். அந்தத் துணுக்கை யாராவது வெட்டிப் பரப்பிவிட்டால், பிறகு வரும் தடையுத்தரவால் பெரிய பயன் இல்லை.

1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (பிரிவு 40), குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் அந்தரங்கத்தை விசாரணையின் எல்லாக் கட்டங்களிலும் மதிக்கச் சொல்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அது இன்னும் அவசியம்.

என்னைக் கேட்டால், பாலியல் குற்றம், பிள்ளை யாரிடம் வளர்வது போன்ற வழக்குகளை நேரலையில் காட்டவே கூடாது. மற்றவற்றைச் சில நிமிடத் தாமதத்தோடு ஒளிபரப்பலாம். யாராவது வாய்தவறிப் பெயரைச் சொன்னாலும் ஒலியை வெட்ட அவகாசம் இருக்கும். அப்புறம், முகத்தை மங்கலாக்கினால் குரலையும் மாற்றியாக வேண்டும்.