நர்சம்மாவின் வினிகரும் 58 டெஸ்ட் பேக்கேஜும்

போன இதழில், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் புற்றுநோய்க்காகப் பரிசோதனை செய்துகொள்வதில் லாபமும் உண்டு, சேதாரமும் உண்டு என்று ஒரு வரி எழுதிவிட்டேன். 'சேதாரம்' என்ற சொல் பலரை உறுத்தியிருக்கிறது. நகைக்கடைக்காரர் மட்டும்தான் அதைச் சொல்லலாமா என்ன? வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: எனக்கு 46 வயது. கல்யாண நாளுக்கு என் மகன் பெங்களூரிலிருந்து 'ஃபுல் பாடி கேன்சர் பேக்கேஜ்' புக் பண்ணிக் கொடுத்தான். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மொத்தம் 58 டெஸ்ட். அதில் சிஏ 125 என்பது 61 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. செல்போனில் தேடினால் சினைப்பைப் புற்றுநோய் என்கிறது. பத்து நாளாகத் தூக்கமில்லை. மகனிடம் சொல்லவில்லை. ஒரு வருடமாக மாதவிலக்கின்போது அதிகமாகப் போகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? கழுத்து ஸ்கேனும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி தருவதாக லேபிலிருந்து போன் வேறு செய்கிறார்கள். (வாசகி, நாமக்கல்)

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த மாதவிலக்கு விஷயத்துக்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். 58 டெஸ்ட் செய்தவர்களில் ஒருவர்கூட உங்களிடம் 'மாதவிலக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்கவில்லை, பாருங்கள். 46 வயதில் ஒரு வருடமாக அதிகம் போகிறது என்றால் மகளிர் மருத்துவர் ஒருவர் உங்களைப் படுக்கவைத்துப் பரிசோதிக்க வேண்டும், அடிவயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உள்சுவரில் கொஞ்சம் எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். ரத்தச்சோகை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இந்த வாரமே போங்கள். தொந்தரவு இருக்கும்போது காரணத்தைத் தேடுவது வைத்தியம். அதில் லாபமா நஷ்டமா என்ற கணக்குக்கே இடமில்லை.

இனி அந்த 61. சிஏ 125 என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். பொதுவாக 35க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் மாதவிலக்கு நாளில் ரத்தம் எடுத்தால் ஏறும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தால் ஏறும். கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், அடிவயிற்றுத் தொற்று, வயிற்றில் காசநோய் எல்லாவற்றிலும் ஏறும். நான் அரசு மருத்துவமனையில் இருந்தபோது ஒரு பெண்ணுக்கு இது நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. குடும்பமே அழுதுகொண்டு வந்து நின்றது. கடைசியில் காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்து வைத்தார். ஏற்கெனவே சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க இது நல்ல டெஸ்ட். நன்றாக இருப்பவர்களிடம் நோயைத் தேட உதவாது. பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற இரண்டு லட்சம் பெண்களை வைத்துப் பார்த்தார்கள். வருடந்தோறும் இந்த ரத்தப் பரிசோதனை செய்தவர்களில் கொஞ்சம் பேருக்கு நோய் சீக்கிரம் தெரிந்தது, ஆனால் சாவு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது.

கழுத்து ஸ்கேனுக்கு 'வேண்டாம்' என்று சொல்லி போனை வையுங்கள். தென் கொரியாவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 1999இல் அரசு சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அதில் இல்லை. 'வந்ததுதான் வந்தீர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம்' என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆகியிருந்தது. இறந்தவர்கள் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. அதாவது, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் பலரின் கழுத்தில் சும்மா கிடந்திருக்கும் கடுகளவு கட்டிகள் அவை. அதற்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலருக்குக் குரல் போனது, சிலருக்குக் கால்சியம் குறைந்தது. 2014இல் மருத்துவர்கள் சிலரே வெளிப்படையாகக் கண்டித்த பிறகு ஸ்கேன் குறைந்தது, ஆபரேஷனும் மளமளவென்று குறைந்தது.

என் அக்காவுக்கும் அப்படித்தான். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் 6 மில்லிமீட்டர் கட்டி கண்ணில் பட்டது. நான் டாக்டராக இருந்தும் தடுக்கத் தெரியவில்லை, எனக்கும் பயம். இப்போது தினமும் விடிகாலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு காபிக்காக அரை மணி நேரம் காத்திருக்கிறாள். அந்த அரை மணி நேரமும் என்னைத் திட்டுகிறாள் என்று மாமா சொல்கிறார்.

மகனிடம் சொல்லிவிடுங்கள். அன்பாகத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அடுத்த கல்யாண நாளுக்குப் புடவை கேளுங்கள்.

*

கேள்வி: வயது 73, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நடைப்பயிற்சி நண்பர்கள் எல்லோரும் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள் என்று நானும் பார்த்தேன். 6.2. இரண்டு வாரத்துக்கு முன்பு நீர்க்கடுப்பு வந்து மருந்து சாப்பிட்டேன். உடனே பயாப்சி செய்யச் சொல்கிறார்கள். (வாசகர், காரைக்குடி)

பதில்: சார், நீர்த்தொற்று வந்தால் பிஎஸ்ஏ ஏறும்; இறங்கச் சில வாரம் ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள். வயதானால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் இந்த புராஸ்டேட் வீங்கும், அதற்கும் ஏறும். இப்போதைக்கு பயாப்சி ஊசி வேண்டாம் என்று யூராலஜிஸ்ட்டிடம் தயங்காமல் சொல்லலாம்.

நீங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு கணக்கு. வேறு காரணத்தால் இறந்த எழுபது வயதுக்காரர்களின் புராஸ்டேட்டை வெட்டிப் பார்த்தால் மூன்றில் ஒருவருக்காவது புற்றுச் செல்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அது தெரியாது, தொந்தரவும் தரவில்லை. பிரிட்டனில் பிஎஸ்ஏ மூலம் கண்டுபிடிக்கப்பட்ட 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்குக்கு ஆபரேஷன், ஒரு பங்குக்குக் கதிர்வீச்சு, ஒரு பங்கைக் கண்காணிப்பு என்று வைத்தார்கள். 15 வருடம் கழித்து மூன்று குழுவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் சிலருக்கு நோய் பரவியது, அதையும் மறைக்கக் கூடாது. ஆபரேஷன் செய்தவர்களில் பலருக்குச் சிறுநீர் கசிவும் தாம்பத்தியச் சிக்கலும் வந்தன. எழுபதைத் தாண்டியவர்களுக்குத் தொந்தரவில்லாமல் இந்த டெஸ்ட் வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவே சொல்லியிருக்கிறது. சிறுநீரில் ரத்தம், விடாத இடுப்பெலும்பு வலி, எடை குறைவது என்று வந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது தள்ளிப் போடாதீர்கள்.

*

கேள்வி: கூலி வேலைக்குப் போகிறேன், வயது 38. ஊருக்கு வரும் நர்சம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து கர்ப்பப்பை வாய் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை. மாமியார், 'ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி போய்ப் படுக்கிற?' என்கிறார். நீங்களும் தொந்தரவு இல்லாமல் டெஸ்ட் வேண்டாம் என்கிறீர்கள். (வாசகி, ஒட்டன்சத்திரம் பக்கம்)

பதில்: போங்கள். ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். 'எல்லா டெஸ்ட்டும் வேண்டாம்' என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டால் அது நான் எழுதிய விதத்தின் தப்பு.

மேலே சொன்ன பரிசோதனைகள் புற்று வந்த பிறகு அதைச் சீக்கிரம் பிடிக்கப் பார்க்கின்றன. இதுவோ புற்று வருவதற்கு முன்பே பிடிக்கிறது. கர்ப்பப்பை வாயில் ஹெச்பிவி என்ற வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். இடையில் தோல் கொஞ்சம் மாறிக் கிடக்கும், வலி இருக்காது. நம் சமையலறை வினிகர் மாதிரியான அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் ஒரு நிமிடத்தில் அந்த இடம் வெளுத்துத் தெரியும். அங்கேயே குளிரவைத்து உறையச் செய்து அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று தெரியுமா? இது உங்கள் ஊர்ப் பெண்களை வைத்து உலகத்துக்குச் சொல்லப்பட்ட சேதி. 2000ஆம் ஆண்டு தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். உங்களுக்குப் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனை அதில் முக்கியப் பங்கு வகித்தது. தடவிப் பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் வெளியிட்டார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இவ்வளவு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் கிராமங்களில் ஒரே ஒரு ஹெச்பிவி டெஸ்ட் சாவைப் பாதியாக்கியது.

இதிலும் சேதாரம் உண்டு. வெளுத்துத் தெரிவதெல்லாம் ஆபத்து இல்லை. சாதாரணப் புண்ணும் வெளுக்கும். வேண்டாத சிலருக்கும் உறைய வைத்துவிடுவார்கள், இரண்டு மூன்று வாரம் நீராகப் போகும். இந்தச் சேதாரத்தைத் தாராளமாகத் தாங்கலாம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு வெற்றிலை புகையிலைப் பழக்கம் இருந்தால் வாயையும் பார்த்துவிடுவார்கள். திருவனந்தபுரத்தில், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களின் வாயைச் சும்மா வெளிச்சத்தில் பார்த்ததிலேயே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

*

கேள்வி: என் சித்தியை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேதான் காப்பாற்றியது. கண்டுபிடித்து 11 வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். நீங்கள் இப்படி எழுதினால் நாலு பேர் போகாமல் இருந்து செத்தால் நீங்கள் பொறுப்பா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கோபம் நியாயம்தான். சித்தி நூறு வயது இருக்கட்டும்.

மதுரையிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னைக்கு வருகிறீர்கள். விழுப்புரத்தில் எழுப்பினாலும் செங்கல்பட்டில் எழுப்பினாலும் எழும்பூர் வந்து சேரும் நேரம் ஒன்றுதான். விழுப்புரத்தில் எழுந்தவர் அதிக நேரம் விழித்திருந்தார், அவ்வளவுதான். அவருக்காக ரயில் மெதுவாக ஓடவில்லை. அதனால் 'கண்டுபிடித்து எத்தனை வருடம் இருந்தார்' என்பதை வைத்து ஒரு பரிசோதனையை எடைபோட முடியாது. பரிசோதனைக்கு அழைத்த கூட்டத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், அழைக்காத கூட்டத்தில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 2012இல் ஒரு தனிக் குழு இதைக் கணக்குப் போட்டது. 50 வயதிலிருந்து 20 வருடம் 10,000 பெண்களை மேமோகிராமுக்கு அழைத்தால் 43 பேர் மார்பகப் புற்றுநோய்ச் சாவிலிருந்து தப்புகிறார்கள். 129 பேருக்கு, தெரியாமலே போயிருந்தால் அவர்கள் ஆயுளில் ஒருபோதும் தொந்தரவு தந்திராத புற்று கண்டுபிடிக்கப்பட்டு, ஆபரேஷனும் கதிர்வீச்சும் நடக்கின்றன. இந்த 129 பேரும் 'என்னைக் காப்பாற்றிவிட்டார்கள்' என்றுதான் நினைப்பார்கள். சித்தி 43இல் ஒருவரா, 129இல் ஒருவரா, கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகு வந்திருந்தாலும் பிழைத்திருக்கக்கூடியவரா, எனக்கும் தெரியாது, ஆபரேஷன் செய்தவருக்கும் தெரியாது.

43 உயிர் சின்ன விஷயம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர் இந்த இரண்டு எண்ணையும் கேட்டுவிட்டு 'சரி, எடுத்துக்கொள்கிறேன்' என்றால் நான் சீட்டு எழுதித் தருவேன். 'வேண்டாம், கையால் பாருங்கள்' என்றாலும் திட்ட மாட்டேன். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்ததே ஐம்பதைத் தாண்டியவர்களில் சாவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. குடும்பத்தில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்திருக்கிறது என்றால் இந்தப் பொதுக் கணக்கு பொருந்தாது, தனியாக வந்து பேச வேண்டும். கட்டியோ, காம்பில் ரத்தமோ இருந்தால் எந்த வயதிலும் உடனே வாருங்கள்.

*

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே டாக்டர், நீங்கள் என்னென்ன பார்த்துக்கொண்டீர்கள்? (வாசகர், ஈரோடு)

பதில்: இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரியும். எனக்கு 58 வயது. ஹெச்பிவி டெஸ்ட் இரண்டு முறை செய்துகொண்டேன். மார்பை என் தோழி, அவளும் டாக்டர், வருடம் ஒரு முறை பார்க்கிறாள். ரத்தத்தில் புற்று தேடும் டெஸ்ட் எதுவும் செய்ததில்லை. 52 வயதில் மேமோகிராம் எடுத்தேன். நிழல் தெரிகிறது, மறுபடி வாருங்கள் என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் காக்க வைத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் பீரோவைத் திறந்து நகையை யார் யாருக்கு என்று பிரித்துத் துணியில் முடிந்து வைத்தேன். கடைசியில் ஒன்றுமில்லை. முடிச்சுகளை இன்னும் அவிழ்க்கவில்லை. அடுத்த மேமோகிராமை இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டேன். ஆவணியில் போவதாக இருக்கிறேன்.